ராஜாவாலியைப் புகழ்ந்து எழுதிய ஸம்ரி

புதுக் கார் ஒன்று சந்தைக்கு வந்தால் மற்றவர்கள் ஷோரூமுக்குப் போவார்கள். ஸம்ரி உதிரிபாகம் விற்கும் கவுன்டருக்குப் போவார். முன்விளக்கு என்ன விலை, பக்கக் கண்ணாடி உடைந்தால் எத்தனை நாளில் வரும், பிரேக் கட்டைகள் கையிருப்பில் இருக்கின்றனவா என்று கேட்டுச் சட்டைப்பையிலிருக்கும் சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் காரைப் பார்க்கப் போவார். அங்கேயும் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்ல மாட்டார். அளவு நாடாவை எடுத்து, தரையிலிருந்து இருக்கை எவ்வளவு உயரம் என்று அளப்பார். முழங்கால் வலி உள்ளவர் உட்கார்ந்து எழ எத்தனை அங்குலம் வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு.

தைப்பிங் நில அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் நானும் அவரும் பதினான்கு வருடம் எதிரெதிர் மேசை. நான் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள், குரலை உயர்த்தத் தெரியாது. அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் அபாங் ஸம்ரி, அண்ணன் முறை. அவர் ஓட்டியது செரிண்டிட் என்ற சின்ன மேனுவல் கார். தெங்காரா என்ற உள்நாட்டுக் கம்பெனி செய்தது. பத்தொன்பது வருடம் ஓடிய கார் அது. ஊரில் பாதிப் பேர் அந்த மாடலில்தான் ஓட்டப் பழகினார்கள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் கார்களைப் பற்றி ஃபேஸ்புக்கில் ஒரு கட்டுரை எழுதுவார். முதலில் நாங்கள் பத்துப் பேர் படித்தோம். பிறகு எப்படியோ நாற்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். வேகம், குதிரைத்திறன் எல்லாம் அவர் எழுத்தில் வராது. தொடுதிரையைப் பற்றி ஒருமுறை எழுதினார்: ஏர்கண்டிஷனைக் குறைக்க சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டுமென்றால், தினமும் மழை பெய்யும் எங்கள் ஊருக்கு அந்தக் கார் ஆகாது, திருகும் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டும் திருகலாம். மாற்றுச் சக்கரத்தை எடுத்துவிட்டு பஞ்சரை அடைக்கும் ஒட்டுப்பசைப் புட்டி ஒன்றைக் கொடுக்கத் தொடங்கியபோது, அந்தச் சக்கரத்தைக் கொடுக்காததால் கம்பெனிக்கு மிச்சமாவது எவ்வளவு, கிரீக் காட்டுச் சாலையில் குடும்பத்தோடு நிற்பவனுக்கு ஆவது எவ்வளவு என்று கேட்டிருந்தார். எந்தக் காரையும் வாங்கு என்றோ வாங்காதே என்றோ எழுதியதில்லை. பார்த்ததைச் சொல்வார், முடிவை நம்மிடம் விட்டுவிடுவார். நான் கார் வாங்கியபோது எத்தனை முறை கேட்டும் எதை வாங்கலாம் என்று சொல்லவில்லை.

"உனக்கு என்ன வேணும்னு உனக்குத்தான் தெரியும் வாசுகி. நான் சொல்லி வாங்கினா அது என் காரு," என்றார்.

தெங்காரா கம்பெனி செரிண்டிட்டை நிறுத்தப்போவதாக அறிவித்தபோதுதான் அவர் முதல்முறையாகக் கோபமாக எழுதினார். மாதம் மூவாயிரம் விற்றுக்கொண்டிருந்த கார் அது. லாபம் குறைவு, இனி உயரமான பெரிய கார்கள்தான் என்று புதிய நிர்வாகி சொல்லிவிட்டார். ஸம்ரியின் வாதம் எளிமையானது. முதல் சம்பளத்தில் செரிண்டிட் வாங்கியவன்தான் பத்து வருடம் கழித்து அதே கம்பெனியின் பெரிய காரை வாங்க வருகிறான். வாசல் கதவை அடைத்துவிட்டு மாடியில் விருந்து வைத்தால் யார் வருவார்கள்? அந்தக் கட்டுரை நாடு முழுக்கச் சுற்றியது.

அதைப் படித்துவிட்டுத்தான் தெங்காராவிலிருந்து இஸ்ஸாத்தி என்ற பெண் அவரை அழைத்தாள். கம்பெனியின் செய்தித் தொடர்புப் பிரிவில் இருந்தாள், முப்பது வயதுக்குள். திட்டுவதற்கு அழைக்கிறாள் என்று நினைத்துப் பேசினார். அவளோ தொழிற்சாலைக்கு வாருங்கள் என்றாள். அடுத்து வரப்போகிற ராஜாவாலி என்ற காரை மற்றவர்களுக்கு முன்பே உங்களுக்குக் காட்டுகிறோம் என்றாள்.

ஷா ஆலாமில் இருந்த அந்தத் தொழிற்சாலையை வெளியிலிருந்து அவர் எத்தனை முறை பார்த்திருப்பாரோ தெரியாது. கோலாலம்பூருக்கு எந்த வேலையாகப் போனாலும் சுற்றுவழியில் அந்தப் பக்கமாக ஓட்டிப் போவார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார். உள்ளே போய்வந்த மறுநாள் எங்களுக்கு வேலை ஓடவில்லை. ஒரு தொழிலாளி நாள் முழுக்கக் கதவைச் சாத்திச் சாத்தி ஓசையைக் கேட்கிறாராம். ஓசை சரியில்லையென்றால் கீலை அரைத் திருப்பு திருப்புகிறாராம். அதைச் சொல்லும்போது எங்கள் அலமாரிக் கதவைச் சாத்திக் காட்டினார். மதியம் பொறியாளர்களோடு உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். அவர்களில் ஒருவன் தன் அறைச் சுவரில் ஸம்ரியின் கட்டுரையை ஒட்டி வைத்திருந்தானாம். இருக்கை உயரத்தைப் பற்றிய கட்டுரை. ராஜாவாலியின் இருக்கையை அதைப் பார்த்துத்தான் அமைத்தோம் என்றானாம். இதை அவர் எங்களிடம் இரண்டு முறை சொன்னார்.

இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கக் காரைக் கொடுத்தார்கள். நல்ல கார்தான். நானும் அதில் போயிருக்கிறேன். ஸம்ரி உதிரிபாகக் கவுன்டருக்கும் போனார். புது மாடல், சாமான் இன்னும் வரவில்லை, அடுத்த மாதம் வரும் என்றான் கவுன்டர்க்காரன். இஸ்ஸாத்தியைக் கேட்டார். கிடங்கு தயாராகிக்கொண்டிருக்கிறது என்றாள். வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அவர் அந்தப் பதிலை அப்படியே எழுதியிருப்பார். இந்த முறை எழுதவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக் கட்டுரையின் கடைசி வரி, 'இதை வாங்கலாம்.' அவர் எழுதி நான் பார்த்திராத சொல் அது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்கவில்லை.

அலுவலக கேண்டீன் நடத்திய நொர்மாலா அந்தக் கட்டுரையைக் கல்லாவில் நின்றபடியே எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். நாங்கள் அவரைக் காக் நொர்மாலா என்போம், அக்கா முறை. அவருடைய அம்மா கல்தோம், மாக் தோம் என்று கூப்பிடுவார்கள், இரண்டு சிறுநீரகமும் பழுதானவர். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் கமுந்திங்கிலிருந்து தைப்பிங்குக்கு ரத்தச் சுத்திகரிப்புக்குக் கொண்டுவர வேண்டும். முழங்காலும் மடங்காது. ஒரு மாதத்தில் கேண்டீன் பின்புறம் நொர்மாலா வாங்கிய வெள்ளை ராஜாவாலி நின்றது. ஸம்ரி போய் இருக்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாய் நிறையச் சிரித்தார்.

ஒன்றரை வருடம் கழித்து தெங்காரா வேறொரு நாட்டுக் கம்பெனியோடு கைகோர்த்தது. இனி அவர்களுடைய கார்களை உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கப்போவதாகவும் ராஜாவாலியை நிறுத்துவதாகவும் அறிவித்தார்கள். வாங்கியவர்கள் பத்தொன்பதாயிரம் பேர். ஸம்ரி கொதித்துப்போய் எழுதினார். ஒரு காரை உண்டாக்க ஐந்து வருடம், கைவிட ஒரு பிற்பகலா என்று கேட்டிருந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டினார்கள். அவரும் அன்று கொஞ்சம் நிமிர்ந்து நடந்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

இரண்டு மாதத்தில் நொர்மாலாவின் காரில் கியர் விழாமல் போயிற்று. கம்பெனியின் பணிமனையில் பார்த்துவிட்டு, கியர்ப்பெட்டிக்குள் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுத் தொகுதி போய்விட்டது, புதிது எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். கார் அங்கேயே நின்றது. விஷயம் கேள்விப்பட்டு ஸம்ரி கேண்டீனுக்குப் போனார். நானும் கூட இருந்தேன். கூட்டம் இல்லாத நேரம். நொர்மாலா வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் குறை சொல்லல அபாங்," என்றார் திரும்பாமலே. "எனக்குக் காரப் பத்தி என்னா தெரியும். அம்மா உக்காந்து எந்திரிக்கணும், நடுவழியில நிக்கக் கூடாது. அவ்ளோதான். நீங்க வாங்கலாம்னு எழுதுனீங்க, வாங்கிட்டேன்."

ஸம்ரி கம்பெனி செய்தது அநியாயம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"அதான் எழுதியிருந்தீங்களே, படிச்சேன்," என்றார் நொர்மாலா. "கம்பெனிக்காரன நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்கீங்க. ஒங்க பேருதான் அதுல எங்கயும் காணோம்."

ஸம்ரியின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தேன். அவர் தன் முன்னால் இருந்த தே ஓவை, பாலில்லாத தேநீரை, தள்ளி வைத்துவிட்டு, "அம்மாவ இப்ப யாரு கூட்டிட்டுப் போறா?" என்று கேட்டார். வாடகைக் கார் என்றார் நொர்மாலா. வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ஸம்ரி கமுந்திங்கில் அவர்கள் வீட்டு வாசலில் செரிண்டிட்டோடு நின்றார். மருத்துவமனையில் மாக் தோமை விட்டுவிட்டு எட்டு மணிக்கு அலுவலகம் வருவார். திரும்பும்போது நொர்மாலாவின் தம்பி பார்த்துக்கொள்வான். இப்படி ஐந்து மாதம். சின்னக் கார், தாழ்ந்த இருக்கை. மாக் தோமை உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும்.

"இது நாற்காலியா, குழியா?" என்று கேட்டாராம் கிழவி முதல் நாள். "காரப் பத்தி ஊருக்கெல்லாம் எழுதுற ஆளுன்னு சொன்னாங்க. ஒங்காரப் பத்தி யாரும் எழுதலயா?"

"அது ரொம்பப் பழசு மாக் சிக்," என்றாராம் ஸம்ரி, பெரியம்மா முறை வைத்து.

"நானும் பழசுதான். வாரத்துக்கு மூணு தடவ ஒர்க்‌ஷாப் போறேன். ஆனா எனக்குச் சாமான் கெடைக்குது."

இதை எங்களிடம் சொல்லும்போது ஸம்ரி சிரித்தார். ஆனால் அப்போது அவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். ஆறு வெள்ளிக்கிழமைகள் போயின. படிக்கிறவர்கள் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். ஏழாவது வாரம் எழுதினார். 'இதை வாங்கலாம்' என்ற பழைய கட்டுரையை அழிக்கவில்லை. அதன் தலையில் நான்கு வரி சேர்த்தார். இதை எழுதியபோது உதிரிபாகம் இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்டதை எழுதாமல் விட்டேன். என்னை மதித்துச் சாப்பாடு போட்டார்கள் என்பதால் விட்டேன். இதை நம்பி வாங்கியவர்கள் எனக்கு எழுதுங்கள், என்னால் ஆனதைச் செய்கிறேன்.

வசை வந்தது, சாதாரணமாக வரவில்லை. எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். ஒரு தட்டுச் சோற்றுக்கு விலைபோன நிபுணர் என்று ஒருவன் படம் வரைந்து போட்டிருந்தான். ஸம்ரி அதை எனக்குக் காட்டி, முகம் ஓரளவு நன்றாக வந்திருக்கிறது என்றார். ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் காரின் எண்ணோடும் பழுதோடும் எழுதினார்கள். அந்த விவரங்களை எல்லாம் எங்கள் பிரிவின் பழைய நிலப்படத் தாள்களின் பின்புறத்தில் கட்டம் போட்டு எழுதி வைத்தார். எந்தப் பழுது எத்தனை பேருக்கு என்று அதில் பார்த்தவுடன் தெரியும். வால்வுத் தொகுதி மட்டும் முப்பத்தேழு.

கமுந்திங்கில் ஆ சியோங் என்று ஒரு மெக்கானிக். செரிண்டிட் இன்னும் ஓடுவதற்கு அவர்தான் காரணம். நொர்மாலாவின் காரைக் கம்பெனிப் பணிமனையிலிருந்து இழுத்துவந்து அவரிடம் விட்டார்கள். கியர்ப்பெட்டியை இறக்கி, மண்ணைத் துடைத்தபோது ஒரு தகடு தெரிந்தது. தெங்காராவின் பெயர் அதில் இல்லை.

"இது அவங்க செஞ்சதே இல்ல பாங்," என்றார் ஆ சியோங். "கியர்ப்பெட்டி மட்டும் செய்ற வேற கம்பெனிக்காரன். நாலு பேருக்கு விக்கிறவன் அஞ்சாவதா இவங்களுக்கும் வித்திருக்கான்."

ஸம்ரி அந்தத் தகட்டு எண்ணை வைத்துக்கொண்டு மூன்று வாரம் தேடினார். தாய்லாந்தில் ஓடும் சின்ன லாரி ஒன்றில் அதே பெட்டி இருந்தது. பேராக் சுல்தான் பிறந்தநாள் விடுமுறையன்று அவரும் ஆ சியோங்கும் விடியற்காலையில் கிளம்பி எல்லை தாண்டி ஹாட்யாய்க்குப் போனார்கள். ஒரு கடையில் வால்வுத் தொகுதி இருந்தது. ஸம்ரி பையிலிருந்து அளவு நாடாவையும் தான் வரைந்து வந்த படத்தையும் எடுத்து ஒவ்வொரு துளையாக ஒப்பிட்டாராம். கடைக்காரப் பெண்ணுக்குப் பொறுமை போய், பெண் பார்க்க வந்தவர்கள்கூட இப்படிப் பார்த்ததில்லை என்று ஆ சியோங்கிடம் சொன்னாளாம். இரண்டு துளை பொருந்தவில்லை. அதை ஆ சியோங் இடைத்தகடு ஒன்று கடைந்து சரிசெய்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை மாக் தோம் வெள்ளைக் காரில் வந்தார். செய்முறையை ஸம்ரி படத்தோடு எழுதி வெளியிட்டார். ஜொகூர் வரை பல பணிமனைகளில் அதைப் பார்த்து வேலை செய்தார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். மீதி நூற்று எழுபத்தைந்து பேருக்கு வேறு வேறு பழுது. எல்லாவற்றுக்கும் ஹாட்யாய் போக முடியாது. அந்த வருடம் தெங்காராவின் பங்குதாரர் கூட்டம் ஷா ஆலாமில் ஒரு ஹோட்டலில் நடந்தது. அங்கே கேள்வி கேட்பதற்காக ஸம்ரி நூறு பங்கு வாங்கினார். அதற்குக் குறைவாக வாங்க முடியாது. துணைக்கு நானும் நூறு வாங்கினேன். அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள், பரிசுப் பைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வருகிறவர்கள். குடையும் பிஸ்கட் டின்னும் கொடுத்தார்கள்.

கேள்வி நேரத்தில் ஸம்ரி எழுந்தார். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"என் பேரு ஸம்ரி. நூறு பங்கு வச்சிருக்கேன்," என்றார். அங்கங்கே சிரித்தார்கள். "ஒரே ஒரு கேள்வி டத்தோ. ராஜாவாலி வாங்குன பத்தொம்பதாயிரம் பேருக்கு எத்தன வருஷம் சாமான் வச்சிருப்பீங்க?"

டத்தோ பட்டம் பெற்ற அந்தத் தலைவர் நல்ல பேச்சாளர். வாடிக்கையாளர்தான் எங்கள் குடும்பம் என்பதில் தொடங்கி, மாறிவரும் உலகச் சந்தை வழியாகப் போய், புதிய கூட்டாளியின் தொழில்நுட்பத்தில் வந்து முடித்தார்.

"நான் கேட்டது ஒரு நம்பர் டத்தோ. அது வரலயே," என்றார் ஸம்ரி.

மறுபடியும் பேச்சு. அப்போது முன்வரிசையில் குடையை மடியில் வைத்திருந்த ஒரு சீனக் கிழவி உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார்: "அவரு கேக்குறதுக்கு ஒரு நம்பர சொல்லிருங்க லா. சாப்பாடு ஆறுது." மண்டபமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களோடு தலையைச் சாய்த்துப் பேசிவிட்டு, ஏழு வருடம் என்றார். அதைக் கூட்டக் குறிப்பில் எழுதும்படி ஸம்ரி கேட்டுக்கொண்டார். எழுதினார்கள்.

திரும்பி வரும்போது நான்தான் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தேன். தஞ்சோங் மாலிம் தாண்டிய பிறகு அவர் வாயைத் திறந்தார்.

"இன்னிக்குக் கேட்ட கேள்விய அன்னிக்கு ஃபேக்டரியில சோறு திங்கிறப்பவே கேட்டிருக்கணும் வாசுகி. அப்ப அது அவங்களுக்கு ஒரு பேச்சே இல்ல, சும்மா சொல்லியிருப்பாங்க. அந்தப் பையன் என் கட்டுரைய செவுத்துல ஒட்டியிருந்தான்ல, அதப் பாத்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோச்சு."

அந்தப் பையன் பொய் சொல்லவில்லையே என்றேன். இருக்கை உண்மையிலேயே நன்றாகத்தானே இருந்தது.

"அதான் கஷ்டம்," என்றார். "பொய்யா இருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன்."

ஏழு வருடம் என்று எழுதியதில் நான்கு வருடம் சாமான் ஒழுங்காக வந்தது. ஈப்போவில் அதற்கென்று ஒரு கிடங்கு திறந்தார்கள். ஐந்தாவது வருடத்திலிருந்து தாமதம், சாக்கு. ஸம்ரி ஒவ்வொரு வருடமும் கூட்டத்துக்குப் போய், குறிப்பின் நகலைக் காட்டிக் கேட்டுவிட்டு வந்தார். மாக் தோம் மூன்றாவது வருடம் இறந்துபோனார். கடைசிவரை அந்தக் காரில்தான் வந்துபோனார். நொர்மாலா இன்னும் அதைத்தான் ஓட்டுகிறார்.

படிக்கிறவர்கள் நாற்பதாயிரத்திலிருந்து பதினைந்தாயிரமாகக் குறைந்தார்கள். கோபமாக எழுதினால் கூடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எழுதவில்லை. அது அவருக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை இரவு எத்தனை பேர் படித்தார்கள் என்று திங்கட்கிழமை காலையில் தானாகவே சொல்வார்.

ஸம்ரி பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் இஸ்ஸாத்தி மறுபடியும் அழைத்தாள். ராஜாவாலியை நிறுத்திய அதே மாதம் அவளையும் வேலையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். இப்போது மின்சாரக் கார் விற்கும் வேறொரு கம்பெனியில் இருந்தாள். கிடங்கு தயாராகிறது என்று என்னிடம் சொன்னவர்களை நம்பித்தான் அன்று சொன்னேன் என்றாள். ஸம்ரி அவளைக் குற்றம் சொல்லவில்லை. தொழிற்சாலையைப் பார்க்க வருகிறீர்களா என்று அவள் கேட்டதும் அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்ததை நான் எதிர் மேசையிலிருந்து பார்த்தேன். புதிய தொழிற்சாலை, மின்கலம் பூட்டும் இடத்தைக்கூடக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவருக்கு ஆசை இல்லாமலா இருக்கும்.

"வரலம்மா," என்றார். "கேள்வி அனுப்புறேன். பதில் எழுதி அனுப்பு, போதும்."

பதினெட்டுக் கேள்வி அனுப்பினார். பதினாறுக்குப் பதில் வந்தது. மின்கலத்தை மாற்ற எவ்வளவு ஆகும், கம்பெனி இந்த நாட்டைவிட்டுப் போனால் யார் பொறுப்பு என்ற இரண்டுக்கும் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் இஸ்ஸாத்தி. மூன்று வாரம் காத்திருந்தார். பிறகு பதினெட்டுக் கேள்வியையும் வரிசையாக வெளியிட்டு, அந்த இரண்டுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் வெற்றிடமாக விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நிறையப் பேர் படித்தார்கள். திங்கட்கிழமை இஸ்ஸாத்தி அழைத்து, மேலிடத்தில் இருப்பவர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, இரண்டில் ஒன்றுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த வாரம் வரும் என்றாள்.